கர்ப்பகாலத்தில் என் கால் நரம்புகளை அகச்சிவப்புக் கேமராவில் படமெடுத்த கதை

ஒன்பதாவது வாரம். குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா என் கழுத்துக்குக் கீழே உற்றுப் பார்த்துவிட்டு, "பால் நரம்பு ஓட ஆரம்பிச்சிருச்சு பாப்பா" என்றார். கண்ணாடியில் பார்த்தேன். மாநிறத் தோலுக்கு அடியில் பச்சையாக ஒரு கோடு, தோள்பட்டையிலிருந்து இறங்கி எங்கோ மங்கிப் போயிருந்தது. எங்கே போகிறது, எங்கே பிரிகிறது என்று தெரியவில்லை. ஃபோனில் எடுத்துப் பார்த்தால் அந்தக் கோடும் இல்லை.

நான் மதுரையில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருகிறேன். எங்கள் ஆய்வகத்தில், செடிகளின் இலை நலத்தைப் பார்க்க மாணவர்கள் வாங்கிய, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் மாட்டும் நோஐஆர் கேமரா ஒன்று சும்மா கிடந்தது. சாதாரண கேமராக்களில் அகச்சிவப்பு ஒளியைத் தடுக்க சென்சாருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் இருக்கும். இந்தக் கேமராவில் அது கிடையாது. அன்று மாலையே துறைத் தலைவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பத்தாவது வாரத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் ஐந்தாவது மாதம் வரை படமெடுத்தேன். இதில் கற்றுக்கொண்டதை, இதே போலச் செய்ய நினைக்கும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விஷயம். பேச்சில் நாம் எல்லாவற்றையும் நரம்பு என்கிறோம். ரத்தம் ஓடுவதும் நரம்பு, உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்பு. உடம்பிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்க்கு மருத்துவத் தமிழில் சிரை என்று பெயர். நான் படமெடுத்தது தோலுக்குச் சற்று அடியில் ஓடும் மேல்மட்டச் சிரைகளை. தசைக்கு நடுவில் ஓடும் ஆழ்சிரைகள் வேறு. இந்த வித்தியாசம் பிற்பாடு எனக்கு ரொம்ப முக்கியமாகிப் போனது.

அகச்சிவப்பு என்றதும் காய்ச்சல் பார்க்கும் வெப்பக் கேமராவைப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது உடம்பு தானாக வெளியிடும் வெப்பக் கதிரைப் பார்ப்பது. நான் சொல்வது கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அடுத்து வரும், கிட்டத்தட்ட 700 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான ஒளி. வெளியிலிருந்து இதை நாம்தான் அடிக்க வேண்டும். தோலின் நிறத்துக்குக் காரணமான மெலனின் கண்ணுக்குத் தெரியும் ஒளியை நன்றாக விழுங்கும், இந்த ஒளியை அவ்வளவாக விழுங்காது. அதனால் ஒளி தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் போய்ச் சிதறித் திரும்பி வருகிறது. வழியில் ரத்தம் நிறைந்த குழாய் இருந்தால் அங்கே கொஞ்சம் ஒளி குறைகிறது, படத்தில் கறுப்புக் கோடாக விழுகிறது. நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சாதாரணப் படம் தோற்கும் இடத்தில் இது வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். ரத்தம் எடுக்கும்போது சிரையைக் கண்டுபிடிக்கச் சில ஆஸ்பத்திரிகளில் கையில் ஒரு வெளிச்சத்தை அடிப்பார்களே, அந்தக் கருவிக்கும் இதே தத்துவம்.

இது புதிதும் இல்லை. ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1910-இல் அகச்சிவப்புப் படங்களை வெளியிட்டார். 1930களில் மருத்துவர்கள் இதைச் சிரைகளுக்குப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். லியோ மாசோபஸ்ட் என்பவர் பெண்களின் மார்புச் சிரைகள் அமைந்திருக்கும் விதத்தை இப்படிப் படமெடுத்து ஆராய்ந்தார். அப்போதெல்லாம் தனி ஃபிலிம் வேண்டும். கோடாக்கின் அகச்சிவப்பு ஃபிலிம் 2007-இல் நின்றுபோனது. இன்று எந்தச் சிலிக்கான் சென்சாரும் இந்த ஒளியைப் பார்க்கும், முன்னால் இருக்கும் தடுப்பை எடுத்தால் போதும்.

பத்தாவது வாரம் முதல் படம் எடுத்தேன். மதியம், ஜன்னல் பக்கம் வெயிலில் உட்கார்ந்து, கேமராவை ஆட்டோ மோடில் விட்டு. திரையில் வந்ததைப் பார்த்து வாய் பேசாமல் நின்றேன். கண்ணாடியில் ஒற்றைக் கோடாகத் தெரிந்தது, திரையில் ஆற்றின் கிளைகள் மாதிரி விரிந்திருந்தது. கழுத்தெலும்பில் தொடங்கி இரண்டு பக்கமும் இறங்கி, மார்பைச் சுற்றி வலை பின்னியிருந்தது. என் உடம்புக்குள் இவ்வளவு வேலை நடந்துகொண்டிருக்கிறது, எனக்கு மசக்கை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

பன்னிரண்டாவது வாரம் எடுத்தால் பாதி வலையைக் காணோம். ராத்திரி தூக்கமில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, கர்ப்பம் வளரவில்லையோ என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து வழக்கமான ஸ்கேனில் இதயத் துடிப்பு நன்றாகவே இருந்தது. அடுத்த வாரம் ஒரு ஹாலோஜன் விளக்கு வைத்து எடுத்தேன். இப்போது முதல் படத்தைவிடவும் அதிகமான கோடுகள்!

அப்போதுதான் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அதே ஹாலோஜன் விளக்கின் கீழ் உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் நான்கு படம் எடுத்தேன். முதல் படத்துக்கும் நான்காவது படத்துக்கும் இருந்த வித்தியாசம், இரண்டு வாரத்தில் வந்ததாக நான் நினைத்த வித்தியாசத்தைவிடப் பெரிது. பத்து நிமிடத்தில் கர்ப்பம் எதையும் மாற்றிவிடாது. ஹாலோஜன் சூட்டில் தோல் சூடாகி, சிரைகள் விரிந்திருந்தன. பன்னிரண்டாவது வாரம் வலை காணாமல் போனதற்கும் காரணம் தேடினால் கிடைத்தது. அன்று மேகமூட்டம், ஜன்னலில் அகச்சிவப்பு குறைவு. கூடவே, மழை பெய்து அறை குளிர்ந்திருந்தது. ஆட்டோ மோடில் இருந்த கேமரா ஒவ்வொரு முறையும் தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைச் சரிசெய்திருந்தது. நான் பார்த்தது பெரும்பாலும் என் அறையை, உடம்பை அல்ல.

யார் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். வாரத்துக்கு வாரம் ஒப்பிடுவதற்கு முன்னால், ஒரே மாலையில் மூன்று முறை எடுங்கள். ஒவ்வொரு முறையும் எழுந்து போய், திரும்ப வந்து, புதிதாக நின்று எடுங்கள். அந்த மூன்று படத்துக்குள் எவ்வளவு வித்தியாசம் வருகிறதோ அதுதான் உங்கள் அமைப்பின் ஆட்டம். அதைவிடக் குறைவான எந்த மாற்றத்தையும் உடம்பின் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்படியாக முதல் ஐந்து வாரப் படங்களும் ஒப்பிட லாயக்கில்லாமல் போயின. இதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. மார்புச் சிரைகள் புடைத்துத் தெரிய ஆரம்பிப்பது கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில்தான். அந்த நேரத்தில் என்னிடம் கேமரா இருந்தது, ஒழுங்கு இருக்கவில்லை. மறுபடி எடுக்க முடியாது.

பதினாறாவது வாரத்தில் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, மார்போடு கால், வயிறு எல்லாம் சேர்த்துப் புதிதாக ஆரம்பித்தேன்.

விளக்குக்கு சிசிடிவி கடையில் விற்கும் 850 நானோமீட்டர் எல்இடி விளக்கு இரண்டு வாங்கினேன். சூடு மிகக் குறைவு. அந்த விளக்குகள் இருட்டினால் மட்டும் எரியும்படி முகப்பில் ஒரு சின்ன சென்சார் வைத்திருப்பார்கள், அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டால் எப்போதும் எரியும். எரிகிறதா என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, மங்கலாய்ச் சிவப்புப் பொட்டு மாதிரி இருக்கும். தெரியவில்லையே என்று கிட்டப் போய் உற்றுப் பார்க்கக் கூடாது. கண் கூசாததால் இமை மூடாது, ஆனால் ஒளி உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும்.

நேராக அடித்தால் தோல் பளபளத்து நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்தது. எண்ணெய் தேய்த்த அன்று இன்னும் மோசம். போலராய்டு ஃபில்டர் போட்டால் பளபளப்பு போகும் என்று ஒன்று வாங்கினேன். சாதாரண போலராய்டு தாள் இந்த அலைநீளத்தில் வேலை செய்வதில்லை. கடைசியில் கைகொடுத்தது தெர்மாகோல். விளக்கை என் பக்கம் திருப்பாமல், இரண்டு பக்கமும் நிறுத்திய தெர்மாகோல் பலகையின் மேல் அடித்தேன். அது பட்டுத் திரும்பும் ஒளி மெத்தென்று எல்லாப் பக்கமும் பரவியது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியை வடிகட்ட லென்ஸுக்கு முன்னால் ஏதாவது வேண்டும். கடையில் கிடைக்கும் ஃபில்டர் இருக்கிறது. நான் தெரிந்த ஸ்டுடியோ ஒன்றில் பழைய கலர் நெகட்டிவின் கறுத்துப்போன நுனித் துண்டு கேட்டு வாங்கி இரண்டு அடுக்காக வைத்தேன். வெளிச்சம் பட்டுக் கழுவிய கலர் நெகட்டிவ் கண்ணுக்குக் கறுப்பு, அகச்சிவப்புக்குக் கண்ணாடி. எக்ஸ்ரே ஃபிலிம் உதவாது. அதில் இருப்பது வெள்ளி, இந்த ஒளியையும் மறைத்துவிடும்.

ராத்திரி எட்டு மணிக்கு, ஜன்னலைச் சாத்தித் திரை போட்டு எடுத்தேன். வீட்டு எல்இடி டியூப்லைட் எரிந்தால் பரவாயில்லை, அதில் அகச்சிவப்பு கிட்டத்தட்டக் கிடையாது. பழைய குண்டு பல்பு எரிந்தால் போச்சு. ஷட்டர், கெயின், ஒயிட் பேலன்ஸ் என்று கேமரா தானாக மாற்றிக்கொள்ளும் மூன்று அமைப்பையும் கையால் பூட்டி, எண்களை நோட்டில் எழுதி வைத்தேன். லென்ஸின் ஃபோகஸும் அகச்சிவப்பில் கொஞ்சம் தள்ளிப் போகும். சாதாரண வெளிச்சத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டு விளக்கை மாற்றினால் மங்கல்தான். அகச்சிவப்பு விளக்கிலேயே, காலில் ஒட்டிய ஒரு துண்டுச் செய்தித்தாளின் எழுத்தைப் பார்த்து ஃபோகஸைத் திருகினேன். அச்சு மையில் கரி இருப்பதால் எழுத்து இந்த ஒளியிலும் கறுப்பாகவே தெரியும்.

கறுப்பு என்றதும் பின்னணி கதை நினைவுக்கு வருகிறது. பின்னால் தொங்கவிட்ட கறுப்புப் புடவை படத்தில் சாம்பல் வெள்ளையாக வந்தது. குடைத் துணியும் அப்படியே. துணிச் சாயங்களில் பெரும்பாலானவை அகச்சிவப்பை விழுங்குவதில்லை. வீட்டில் இருந்த கறுப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேமரா முன் வைத்துப் பார்த்தேன். உண்மையிலேயே கறுப்பாக நின்றது காரில் போடும் ரப்பர் மிதியடி மட்டும். ரப்பரில் கரித்தூள் கலந்திருக்கிறது. அதிலேயே ஒரு துண்டை வெட்டி, பக்கத்தில் பிளம்பர்கள் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஒரு அட்டையில் கனமாகச் சுற்றி ஒட்டி, ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் வைத்தேன். ஒன்று எப்போதும் கறுப்பு, இன்னொன்று எப்போதும் வெள்ளை. இரண்டும் போன வாரம் மாதிரியே வந்திருந்தால்தான் நடுவில் இருக்கும் காலை நம்பலாம்.

அடுத்தது நிற்கும் விதம். நின்றால் காலில் ரத்தம் தேங்கி சிரை புடைக்கும், படுத்தால் வடியும். அதனால் முதலில் இடது பக்கம் சாய்ந்து பதினைந்து நிமிடம் படுப்பேன். எழுந்து சரியாக ஐந்து நிமிடம் நிற்பேன். அப்புறம் படம். சுவரில் வெப்பமானி, 28 டிகிரிக்கு ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தால் எழுதி வைப்பேன். பாதம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் இருக்க ஒரு ஒட்டுப்பலகையில் நின்று, இரண்டு பாதத்தையும் சுற்றி மார்க்கரால் கோடு போட்டார் என் கணவர். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பாதம் வரைவது போலக் குனிந்து, பொறுமையாக வரைந்தார். கெண்டைக்காலின் பின்பக்கத்தை நானே எடுக்க முடியாது, பட்டனை அழுத்துவதும் அவர்தான். முப்பத்து நான்காவது வாரத்தில் என் பாதம் வீங்கி அந்தக் கோட்டுக்கு வெளியே வந்திருந்தது. சிரை சொல்வதற்கு முன்னால் பலகை சொன்ன செய்தி அது.

இவ்வளவும் அமைந்த பிறகு படங்கள் அமைதியாகிவிட்டன. வாரத்துக்கு வாரம் பெரிய ஆச்சரியம் இல்லை. மெல்ல, ஒரே திசையில், மாற்றம் போய்க்கொண்டிருந்தது. கர்ப்பத்தில் உடம்பின் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது, 32 முதல் 34 வாரத்தில் உச்சத்துக்கு வருகிறது. புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிரைகளின் சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை, கால்களிலிருந்து மேலே போகும் பெரிய சிரைகளை அழுத்துகிறது. பாடப்புத்தகத்தில் மூன்று வரி. என் காலில் அது இருபதாவது வாரம் இடது முழங்காலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய வளைவாக ஆரம்பித்து, இருபத்தெட்டில் கெண்டைக்காலின் பாதி வரை இறங்கியது. வலது கால் பின்தங்கியே வந்தது. இடுப்புக்குள் இடது சிரைக்கு மேலே வலது தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) குறுக்கே போவதால், இடது பக்கம் அழுத்தம் கூடுதல் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

சிரையின் அகலத்தைப் பிக்சலில் அளந்து கிராஃப் போட ஆசைப்பட்டேன். நான்கு வாரம் போட்டுவிட்டு விட்டுவிட்டேன். ஒளி தோலுக்குள் சிதறித்தான் வருகிறது. ஆழத்தில் இருக்கும் குழாய் அகலமாகவும் மங்கலாகவும் தெரியும், மேலே இருப்பது ஒல்லியாகவும் கூர்மையாகவும் தெரியும். வயிற்றுத் தோல் விரிந்து மெலியும்போது பக்கவாட்டுச் சிரைகள் திடீரென்று பளிச்சென்று வந்தன. அவை பெருத்ததால் வந்தனவா, மேலே வந்ததால் வந்தனவா என்று இந்தப் படத்தால் சொல்ல முடியாது. எந்தச் சிரை புதிதாகத் தெரிகிறது, எது எங்கே கிளைவிடுகிறது, எது வளைந்து சுருள்கிறது, இதை மட்டும் நம்பலாம். விட்டம் வேண்டுமென்றால் அல்ட்ராசவுண்ட்தான்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. அன்று ராத்திரி வழக்கம்போலப் படமெடுத்தபோது கையையும் ஒன்று எடுத்தோம். இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி சிவந்திருந்தது. படத்தில் மருதாணி இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. வெறும் கை, அதில் நீளமாக ஓடும் சிரைகள், அவற்றின்மேல் கண்ணாடி வளையல்கள். நெற்றிக் குங்குமம் காணாமல் போய், கண்மை மட்டும் கறுப்பாக நின்றது. வயிற்றில் தொப்புளுக்குக் கீழே ஓடிய கறுப்புக் கோடும் ஏறக்குறைய மறைந்திருந்தது. சாயமும் மெலனினும் ஒதுங்கிக்கொண்டு கரியும் ரத்தமும் மட்டும் பேசும் ஒளி இது. எனக்கு மிகப் பிடித்த படம் அதுதான், ஆராய்ச்சிக்கு ஒரு பயனும் இல்லாவிட்டாலும்.

மறுநாள் அருப்புக்கோட்டைக்கு, தாய்வீட்டுக்குப் போக வேண்டும். தலைப்பிரசவம். இங்கேதான் என் அமைப்புக்குச் சோதனை. வேறு அறை, நீலச் சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரை. ஒட்டுப்பலகை, ரப்பர், தெர்மாகோல், விளக்கு எல்லாம் காரில் ஏறின. மதுரையில் கிளம்பும் முன்தினம் ஒரு வரிசை, அருப்புக்கோட்டையில் மறுநாள் ராத்திரி ஒரு வரிசை எடுத்தோம். ஒரே நாள் இடைவெளியில் கால் மாறியிருக்காது, மாறினால் அறைதான் மாறியிருக்கிறது. மாறித்தான் இருந்தது. டெஃப்லான் அட்டை கொஞ்சம் மங்கியிருந்தது, சுவர் நெருக்கமாக இல்லாததால் திரும்பும் ஒளி குறைவு. தெர்மாகோலைக் கிட்டே நகர்த்தி, அட்டை பழைய அளவுக்கு வந்ததும் எழுதிக்கொண்டு தொடர்ந்தோம். இடம் மாறப்போகிறது என்று தெரிந்தால் இப்படி இரண்டு பக்கமும் ஒரு முறை எடுத்து வைப்பது அவசியம். நம் பெண்களில் நிறையப் பேர் கர்ப்பத்தின் நடுவில் வீடு மாறுகிறார்கள்.

அங்கே இன்னொரு விஷயம். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "இதுல பிள்ளை தெரியுமா? என்ன பிள்ளைன்னு தெரியுமா?" என்று கேட்டார். சில மில்லிமீட்டர்தான் போகும் அக்கா, அவ்வளவு ஆழத்தில் இருப்பது இதில் தெரியாது என்று சொன்னேன். கருவின் பாலினத்தைப் பார்த்துச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொன்னேன். கர்ப்பிணி வயிற்றின்மேல் கேமராவைத் திருப்பினால் நம் ஊரில் இந்தக் கேள்வி வந்தே தீரும். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

அந்த அக்காவின் மகளும் கர்ப்பம். தனக்கும் எடுக்கச் சொன்னாள். எடுக்கும் முன் அவளிடம் ஒன்றைத் திரையில் காட்டினேன். என் நைட்டியின் நுனியைப் பிடித்துக் கேமரா முன் நீட்டினேன். துணி பாதி இல்லாதது போல வந்தது. சில மெல்லிய துணிகள் இந்த ஒளியில் திரையே இல்லை. உடுத்தியிருக்கிறோம் என்று நம்பி நிற்பவர்களிடம் இதைச் சொல்லாமல் எடுப்பது துரோகம். அவள் யோசித்து, முழங்காலுக்குக் கீழே மட்டும் போதும் என்றாள். அதுவே எடுத்தோம். படங்கள் எல்லாம் இணையத்தில் இணைக்காத ஒரே மெமரி கார்டில்; வளைகாப்பு அன்று எடுத்ததைத் தவிர எதிலும் முகம் இல்லை. மார்பும் வயிறும் எடுக்கும்போது அறையில் நானும் என் கணவரும் தவிர யாரும் இல்லை, அவர் ஃபோன் வெளியே. அவளுடையதை அவளுக்கே கொடுத்துவிட்டு என்னிடமிருந்து அழித்தேன்.

முப்பத்து மூன்றாவது வாரம் நடந்ததைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை இடது கெண்டைக்காலில், அந்தப் பழைய வளைவின் மேல், ஒரு விரல் நீளத்துக்கு வலி. தொட்டால் கயிறு மாதிரி கெட்டியாக, சுற்றிலும் சூடாக இருந்தது. உடனே படமெடுத்தேன். போன வாரப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டை சரி, ரப்பர் சரி, சிரை அதே இடத்தில், அதே வளைவில். ஒன்றும் மாறவில்லை என்று நிம்மதியாகிவிட்டேன். அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் கேட்டதற்கும், மாசமாக இருந்தால் இதெல்லாம் சகஜம் என்றார்கள். இரண்டு நிம்மதியும் சேர்ந்து ஒரு நாளைத் தின்றன.

புதன் மதியம் அம்மா காலைத் தொட்டுப் பார்த்தார். "படத்தைப் பாத்தது போதும், கிளம்பு" என்றார். மதுரையில், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். அந்த மேல்மட்டச் சிரைக்குள் ரத்தம் உறைந்திருந்தது. ஆழ்சிரைக்குப் போகவில்லை. ஸ்கேன் செய்த டாக்டர் கருவியால் காலை அழுத்திக் காட்டினார். நல்ல சிரை அழுத்தினால் தட்டையாகிவிடும், இது அப்படியே நின்றது. ஓடும் ரத்தமும் உறைந்த ரத்தமும் என் கேமராவுக்கு ஒரே கறுப்பு. குழாய் எங்கே இருக்கிறது என்று அது சொல்லும். உள்ளே ரத்தம் ஓடுகிறதா என்று சொல்லவே சொல்லாது. தசைக்குள் இருக்கும் ஆழ்சிரைகள், உண்மையில் உயிருக்கு ஆபத்தான உறைவு வரும் இடம், அந்தப் படத்திலேயே இல்லை.

டாக்டர் ஊசி எழுதித் தந்தார், அளவெடுத்த இறுக்கக் காலுறையும் கொடுத்தார். தினமும் நடக்கச் சொன்னார். பிரசவம் வரை மறுபடி மறுபடி ஸ்கேனுக்குப் போனோம். ஒரு கால் மட்டும் வீங்கினால், வலித்தால், சூடாகச் சிவந்தால், அல்லது திடீரென்று மூச்சு வாங்கினால், எந்தப் படத்தையும் பார்க்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரத்திலும் ரத்தம் உறையும் ஆபத்து மற்ற நாட்களைவிடக் கூடுதல். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், நன்றாக எடுத்த படம் மோசமாக எடுத்த படத்தைவிட அதிகமாக நம்ப வைக்கிறது. என் அமைப்பைச் சரிசெய்யப் பட்ட பாடெல்லாம் சேர்ந்துதான் அந்தச் செவ்வாய்க்கிழமை என்னை வீட்டில் உட்கார வைத்தது.

முப்பத்தெட்டாவது வாரம் பெண் குழந்தை பிறந்தாள். சுகப்பிரசவம்.

பிறகு எடுத்த படங்கள் வேகமாக மாறின. வயிற்றின் பக்கவாட்டுச் சிரைகள் ஆறாவது வாரத்துக்குள் கிட்டத்தட்ட மறைந்துவிட்டன. மார்பின் வலை அப்படியே இருந்தது, பால் கொடுக்கிறேனே. கால் மெதுவாக இறங்கியது. மூன்றாவது மாதத்தில் கெண்டைக்காலின் கீழ்ப்பாதி படத்திலிருந்து போய்விட்டது, முழங்காலுக்குப் பின்னாலிருந்த வளைவு மட்டும் நின்றது. குழந்தை அறையில் இருக்கும்போது விளக்கைப் போடவே மாட்டோம். அவள் தூங்கிய பிறகு, அடுத்த அறையில், பதினைந்து நிமிடம் படுக்கை, ஐந்து நிமிடம் நிற்பது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் நானும் தூங்கிப்போய் எத்தனையோ நாள் படம் எடுக்காமல் விட்டிருக்கிறேன். நோட்டில் அந்த வாரங்கள் வெற்றுக் கோடாக இருக்கின்றன. விட்டதை ஊகித்து நிரப்பவில்லை.

ஐந்தாவது மாதம் ரத்தக்குழாய் மருத்துவரிடம் போனபோது இருபத்தேழு படங்களை வரிசையாக அச்செடுத்துக் கொண்டுபோனேன். பார்ப்பாரா மாட்டாரா என்ற தயக்கம் இருந்தது. வாங்கி மேசையில் பரப்பினார். முப்பத்து மூன்றாவது வாரத்துப் படத்தின்மேல் விரல் வைத்தார்.

"இது நின்னு எவ்வளவு நேரம் கழிச்சு எடுத்தது?"

"அஞ்சு நிமிஷம் டாக்டர். அதுக்கு முன்னாடி பதினஞ்சு நிமிஷம் இடது பக்கம் படுத்திருந்தேன். அறை 28 டிகிரி."

"எல்லாமேவா?"

"பதினாறாவது வாரத்துலேர்ந்து எல்லாமே."

அவர் முதல் ஐந்து படங்களை எடுத்துத் தனியாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீதியை மறுபடி முதலிலிருந்து பார்த்தார். முழங்காலுக்குப் பின்னால் அந்த வளைவு முதலில் தெரிந்த இருபதாவது வாரப் படத்தை எடுத்துக் கட்டிலின் ஓரத்தில் சாய்த்து வைத்தார். என்னை எழுந்து நிற்கச் சொல்லி, கெண்டைக்காலில் ஜெல் தடவி, படத்தில் வளைவு தொடங்கும் இடத்தைப் பார்த்து அங்கேயே டாப்ளர் கருவியை வைத்தார்.